புத்தகத்தில் ஒரு என்ஜின், வண்டியில் ஒரு என்ஜின்

அரசாங்கம் ஒரு கையை நீட்டிக் கொடுக்க வந்தால், மறு கையில் படிவம் வைத்திருக்கும். மூட்டையக்காவுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஐந்து மாதத்தில் பதினாலு படிவம் நிரப்பியவள். அன்றைக்குப் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: பழைய வண்டியை உடைப்பு மையத்தில் ஒப்படைத்ததற்கான சான்று. மாலை ஐந்து மணிக்குள் அதைக் கணினியில் ஏற்றியாக வேண்டும். ஐந்தைத் தாண்டினால் திட்டம் கதவைச் சாத்திக்கொள்ளும்.

திட்டம் இதுதான். டீசல் லோடு வண்டி வைத்திருப்பவர்கள் அதை உடைக்கக் கொடுத்துவிட்டு மின்சார வண்டி வாங்கினால், விலையில் மூன்றில் ஒரு பங்கை அரசு தரும். ஐந்து வருஷத்துக்குச் சாலை வரி கிடையாது. பதிவுக் கட்டணம் கிடையாது. சுவரொட்டியில் ஒரு பெண் மின்சார வண்டிக்குப் பக்கத்தில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். அவள் கையில் ஒரு காகிதம்கூட இருக்காது. அதை வைத்தே சொல்லிவிடலாம், அவள் மானியம் வாங்கினவள் இல்லை என்று.

மூட்டையக்கா ஆசைப்பட்டு இதற்குள் தலையை விடவில்லை. பதினோரு வருஷமாகப் பெரிய ஆஸ்பத்திரியின் அழுக்கு விரிப்புகளைச் சலவை ஆலைக்குக் கொண்டுபோய், வெளுத்து மடித்ததைத் திருப்பிக் கொண்டு வருகிறவள். மூன்று சக்கர வண்டி, தனி ஆள், ஒரு நாளைக்கு நாற்பது மூட்டை. பேர் அப்படித்தான் வந்தது. பிரசவ வார்டு மூட்டை எது, காய்ச்சல் வார்டு மூட்டை எது என்று தூக்கின கையே சொல்லிவிடும். மறுநாள் முதல் தேதி. அன்றிலிருந்து புகை விடும் வண்டிக்கு ஆஸ்பத்திரி வளாகத்தில் இடமில்லை என்று வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். காலை ஐந்தரைக்கு மின்சார வண்டியோடு நின்றால் வேலை அவளுடையது. நிற்காவிட்டால், சலவை ஆலைக்காரர் வேறொரு ஆளைப் பார்த்து வைத்திருந்தார். அதை ஒளிக்கவும் இல்லை.

"மனசுல வச்சுக்காதம்மா. நோயாளி படுக்கறதுக்கு விரிப்பு வேணும். நீ வர்ற வரைக்கும் அவன் உக்காந்துட்டா இருப்பான்?"

புது வண்டி கடையில் கழுவித் துடைத்து நின்றது. மானிய ஒப்புதல் வந்தால்தான் சாவி என்று கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் அதன் கண்ணாடியைத் துடைக்கக்கூட அவளுக்கு வக்கில்லை.

காலை பத்தரைக்கு உடைப்பு மையத்தில் அவள் முறை வந்தது. நீளமான மதில். உள்ளே, நசுக்கிய வண்டிகளைப் பாய் அடுக்குவதுபோல அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு மஞ்சள் கோடு. அங்கிருந்து சோதனை மேடை வரைக்கும் வண்டி தானாக ஓடி வர வேண்டும் என்பது விதி. செத்த வண்டியைக் கொண்டு வந்து மானியம் கேட்கக் கூடாதாம். அவள் வண்டி ஒரு தும்மல்கூடப் போடாமல் மேடை ஏறியது.

சோதனை அலுவலர் குனிந்து, மண்ணெண்ணெய் நனைத்த பழந்துணியால் என்ஜின் பக்கவாட்டைத் துடைத்தார். பொறித்த எண் தெரிந்தது. பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"அம்மா, இது யாரோட என்ஜின்?"

"என்னோடதுதான் சார். வேற யாரு எனக்குத் தூக்கிக் குடுப்பா?"

"சேசிஸ் நம்பர் சரியா இருக்கு. என்ஜின் நம்பர் இடிக்குதே. புக்குல ஒண்ணு, வண்டியில ஒண்ணு." கையில் இருந்த கருவியில் எண்ணைத் தட்டினார். "இது இன்னொரு வண்டியோடது. இதே மாடல். சொந்தக்காரர் பேரு..." என்று வாசித்தார்.

மூட்டையக்கா எட்டிக் கருவியைப் பார்த்தாள். அது அவள் புருஷன் பேர். நாலு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் புருஷன்.

இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு வண்டி எடுத்தவர்கள். லோடு வண்டி ஸ்டாண்டில் அவனுக்கு 'அவசரம்' என்று பேர். எதைக் கேட்டாலும் "அவசரமாப் போறேன்" என்பான். வண்டியையும் அப்படித்தான் ஓட்டுவான். ஏழு வருஷத்துக்கு முன் அவன் வண்டி தகுதிச் சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. அதுவோ ரயில் மாதிரி புகை கக்கியது. அவள் என்ஜின் சுத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே இரண்டு பேரும் என்ஜின்களை இறக்கி மாற்றிப் போட்டார்கள். சோதனை முடிந்ததும் திருப்பிக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. அதற்குள் அவனுக்கு வெளியூர் லோடு வந்தது, அப்புறம் இன்னொன்று வந்தது, அப்படியே விட்டுப்போனது.

ஸ்டாண்டில் இது அதிசயமில்லை. ஒருத்தன் வண்டி படுத்தால் இன்னொருத்தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுப்பான், டயரைக் கொடுப்பான். நம்பிக்கைதான் ரசீது. ஆனால் எந்தப் படிவத்திலும் 'நம்பிக்கை' என்று ஒரு கட்டம் போட்டு நான் பார்த்ததில்லை.

பிரிந்தபோது பாத்திரத்தைப் பிரித்தார்கள், பீரோவைப் பிரித்தார்கள். தையல் மெஷினுக்கு இரண்டு நாள் சண்டை. அவன் அம்மா யாரையும் கேட்காமல் மருமகளோடு இருந்துகொண்டாள். வண்டிக்குள் கிடந்த என்ஜின் மட்டும் யார் ஞாபகத்துக்கும் வரவில்லை.

அலுவலரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"மாத்தினதை ஏன் பதியல?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன சார் பதிவு?"

"கல்யாணத்தையே பதியறோமேம்மா" என்றார் அவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் நல்ல மனுஷர் கையிலும் அதே முத்திரைதான். "புக்குல இருக்கற என்ஜின் இந்த வண்டியில இருக்கணும். அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். கொண்டு வாங்க."

வண்டியை வெளியே எடுத்தாள். வாசலுக்கு எதிரே, குடைக்கு அடியில் மேஜை போட்டு மனு எழுதும் ஆள் ஒருத்தர் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டிருந்தார்.

"இங்க வாம்மா. இதுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போடறியே. விதி பன்னெண்டு படிச்சியா? என்ஜின் களவு போயிருந்தா போலீஸ் ரசீதைக் காட்டினாப் போதும். நம்பர் ஒத்துப் போக வேண்டாம்."

"களவு போகலையே."

"உன் என்ஜின் யார் வண்டியில இருக்கு? அந்தாளு வண்டியில. நீ எழுதிக் குடுத்தியா? இல்ல. சட்டத்துல அதுக்கு என்ன பேருன்னு நினைக்கிற?" பேசிக்கொண்டே எழுதி முடித்துவிட்டார். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. "கையெழுத்தை மட்டும் போடு. ஸ்டேஷன் அந்த முக்குலதான். ஒரு மணி நேரத்துல ரசீது."

"அவரை என்ன செய்வாங்க?"

"வண்டியைப் பிடிப்பாங்க. ஆளை ரெண்டு நாள் உக்கார வைப்பாங்க. அப்புறம் கேசு அதுபாட்டுக்கு நடக்கும். உனக்கென்ன? விட்டுட்டுப் போன ஆளுதானே?"

விட்டுவிட்டுப் போன ஆள்தான். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இன்னொருத்தியும் இல்லை. அவள் காய்ச்சலில் பத்து நாள் கிடந்தபோது வெளியூர் லோடு அவசரம் என்று போனவன். பதினோராம் நாள் அவள் எழுந்து, அவன் துணியை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். முனை தாளைத் தொட்டு ஒரு புள்ளி விழுந்தது. அதற்கு மேல் கை நகரவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"யோசிச்சுட்டு வர்றேன்."

"மூணரைக்குள்ள யோசி. அதுக்கு மேல ஸ்டேஷன்ல இன்னைக்கு ரசீது போட மாட்டாங்க."

அவன் போனை எடுக்கவில்லை. அவள் எண்ணைப் பார்த்தால் எடுக்க மாட்டான். வீட்டுக்கு அடித்தாள்.

"அத்தை, உங்க பையன் எங்க இருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் கேட்டதாச் சொல்லாதீங்க."

"என்னடி, மறுபடியும் சேரப் போறீங்களா?"

"என்ஜின் விஷயம் அத்தை."

"அதானே பார்த்தேன்" என்று வைத்துவிட்டாள் கிழவி. ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: சந்தைக்குப் பின்னால் பெயின்ட் கிடங்கில் டின் இறக்கிக்கொண்டிருக்கிறான்.

அங்கே போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டரை. அவன் வண்டி பாதி இறக்கி நின்றது. அவளைப் பார்த்ததும் கையிலிருந்த டின்னைக் கீழே வைக்காமலே நின்றான்.

"அம்மாவை விட்டு வேவு பார்க்கிறியா?"

சொன்னாள். நாலே வாக்கியம். பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். இதை மறைத்துக்கொண்டு பேச அவளுக்கு வராது. அவன் படித்தான். உதடு மெல்ல அசைந்தது. 'திருட்டு' என்ற இடத்தில் நின்றது.

"இதுல கையெழுத்து இல்லையே."

"போடல."

"போடுவியா?"

"தெரியல. அதனாலதான் இங்க வந்தேன்."

"மிரட்டுறியா?"

"மிரட்டணும்னா ஜீப்போட வந்திருப்பேன். எனக்கு என் என்ஜின் வேணும். உன்னுதை எடுத்துக்கோ. அவ்வளவுதான்."

பிரிந்த நாளிலிருந்து நேருக்கு நேர் அவனை 'நீ' என்றுதான் சொல்வாள். அவனுக்கு அது இன்னமும் சுருக்கென்று தைக்கும் போலிருந்தது.

"நல்லா இருக்கே நியாயம்! எனக்குப் பழைய புகைப்போக்கியைக் குடுத்துட்டு, நல்லதைக் கொண்டு போய் நசுக்கப் போறியா? அப்புறம் நான் எதை வச்சு ஓட்டறது? நீ கரண்ட்ல பறப்ப, நான் தெருவுல நிக்கணும்."

"காதை வச்சுக் கேளு."

தன் வண்டியைக் கிளப்பினாள். அவன் திருப்புளியை எடுத்து, முனையை என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டான். பழைய மெக்கானிக்குகள் நாடி பிடிப்பது அப்படித்தான். சிரிக்க ஆயத்தமாக இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"யாரு கை பட்டது?"

"என் கைதான். ரீபோர் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங் போட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு."

அவன் திருப்புளியை இடுப்பில் செருகினான். பிறகு தன் வண்டியைப் பார்த்தபடி, "உன்னோடது அப்படி இல்ல. காலைல தள்ளினாத்தான் எந்திரிக்குது. அதைத் தள்ளிவிட ஆள் தேடறதே ஒரு வேலை" என்றான்.

இப்போது பயம் அவள் பக்கம் வந்தது. மஞ்சள் கோட்டிலிருந்து மேடை வரைக்கும் தானாக ஓட வேண்டும். கொடுத்தபோது அவ்வளவு சுத்தமாக இருந்த என்ஜின்! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். இப்போது திட்டினால் நேரம்தான் போகும்.

"அந்தத் தாள் என்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

அவளிடம் இருந்த ஒரே பிடி அதுதான். அதையும் விட்டால் இவன் "அவசரம்" என்று கிளம்பிப் போனாலும் கேட்க முடியாது. மணியைப் பார்த்தாள். "வச்சுக்கோ" என்றாள்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இன்னும் முப்பது டின் இருக்கு. ரெண்டு பேரா இறக்கினா சீக்கிரம் ஆகும்."

முப்பது டின்னை இறக்கினாள். வேறென்ன செய்ய?

உடைப்பு மையத்தை ஒட்டி ஒரு டயர் கடை. அதன் உத்தரத்தில் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி தொங்கியது. இரண்டு வண்டியையும் அதற்கடியில் நிறுத்தும்போது மணி ஒன்றே முக்கால். அவள் வண்டியிலிருந்து முதலில் இறக்கினார்கள். டீசல் குழாய், கிளட்ச் கேபிள், சைலன்சர், மவுண்டிங் போல்ட். அவள் கேட்காமலே அவன் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை நீட்டினான். அவன் கை நீட்டுமுன் அவள் பத்தொன்பதாம் நம்பரை வைத்தாள். அந்த விஷயத்தில் அவர்களுக்குள் என்றைக்கும் சண்டை வந்ததில்லை.

அவன் வண்டியில்தான் சிக்கியது. கடைசி மவுண்டிங் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுத்தியலை ஓங்கினான்.

"அவசரப்படாத! தலை முறிஞ்சா இன்னைக்குப் பூரா இங்கதான்."

"என் பேரே அதுதானே."

"பேரை அப்புறம் மாத்திக்கலாம். மண்ணெண்ணெயை ஊத்து. ஊறட்டும்."

பத்து நிமிஷம் ஊற விட்டார்கள். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிஷத்தை அவள் பார்த்ததில்லை. அப்போதுதான் மனு எழுதுகிறவர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அம்மா, மூணேகால். கடைசியாக் கேக்கறேன். இது முடியற காரியமாத் தெரியல. அந்தத் தாள் இருக்கா?"

கிரீஸ் கையோடு அவள் போல்ட்டைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தான். அதை அவளிடமே நீட்டினான்.

"போடறதுன்னா போடு. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் கண் முன்னால் ஐந்தரை மணி ஆஸ்பத்திரி வாசல் இருந்தது. அத்தையின் மாத்திரைச் சீட்டு இருந்தது. வாடகை இருந்தது. தாளை வாங்கினாள். என்ஜினின் ஆயில் அளவுக் கம்பியை உருவி, அந்தத் தாளாலேயே துடைத்துப் பார்த்தாள்.

"தார் மாதிரி இருக்கு. எப்ப மாத்தின நீ?"

"மாத்தணும்னு நினைச்சுட்டே இருந்தேன்."

"நல்லா நினைச்ச."

மனு எழுதுகிறவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். போல்ட் நகர்ந்தது.

நாலேகாலுக்கு அவள் என்ஜின் அவள் வண்டியில் உட்கார்ந்தது. அவனுடையதைத் தரையிலேயே விட்டுவிட்டார்கள். சாவியைத் திருப்பினாள். முக்கியது, முனகியது, அடங்கியது. இன்னொரு தரம். இன்னொரு தரம். பேட்டரி செத்தது.

அவன் ஓடிப்போய், தள்ளிக்கொண்டு வரலாமா என்று அலுவலரைக் கேட்டான். அவர் மஞ்சள் கோட்டைக் காட்டினார். "அதுக்கு வெளிய தள்ளுங்க, தூக்குங்க, தோள்ல வச்சுச் சுமங்க. கோட்டுக்குள்ள அது தானா வரணும்."

வாசலுக்கு வரும் சாலை லேசான இறக்கம். வண்டியை மேட்டுக்கு ஏற்றவே கால் மணி நேரம் போனது. டயர் கடைக்காரரும் தோள் கொடுத்தார். அவள் ஏறி இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டாள். பின்னால் இரண்டு பேரும் தள்ளினார்கள். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டாள். வண்டி குலுங்கியது. கிளம்பவில்லை. வாசல் கிட்டே வந்துகொண்டிருந்தது.

"விடாத, மறுபடி மிதி!" பின்னாலிருந்து அவன் கத்தினான்.

மிதித்தாள். விட்டாள். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது இருமியது. ஐந்தடியில் பிடித்துக்கொண்டது. கரும்புகை பொங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தபடி, ஒரு மூச்சுகூட விடாமல் அவள் மேடை ஏறினாள்.

புகைக்குள்ளிருந்து அலுவலரின் இருமல் மட்டும் கேட்டது. "இந்தத் திட்டத்தை எதுக்குக் கொண்டு வந்தாங்கன்னு இன்னைக்குத்தான் புரியுது."

எண்ணைத் துடைத்தார். புத்தகத்தைப் பார்த்தார். கடைசி இலக்கம் வரை விரல் வைத்துப் படித்தார். தலையாட்டினார். பிறகு இடது பக்கக் கதவில் கண் நின்றது. அதன் நீலம் மற்றதைவிடக் கொஞ்சம் வெளுப்பு.

"இது?"

"அதுவும் அவரோடதுதான். கதவுக்கு நம்பர் கிடையாது சார்" என்றாள் வேகமாக.

அலுவலர் புத்தகத்தை மூடினார். என்ஜினை அணைக்கச் சொன்னார். துளைக்கிற இயந்திரத்தைக் கொண்டு வந்து பக்கவாட்டில் ஓட்டை போட்டார்கள். இரும்பு கிறீச்சிட்டது. கறுத்த எண்ணெய் மேடையில் வழிந்தது. அதைப் படமெடுத்து ஏற்றினால்தான் சான்று. நாலு ஐம்பத்தொன்று. திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்து நாலு. அலுவலர் கருவியை உச்சிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவள் பின்னாலேயே நடந்தாள்.

"போயிடுச்சு" என்றார்.

நாலு ஐம்பத்தேழுக்கு அவள் போன் அடித்தது. மின்சார வண்டிக் கடைப் பெண்.

"அக்கா, ஒப்புதல் வந்துடுச்சு! கடைசி நேரத்துல உயிரை எடுத்துட்டீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து சாவி வாங்கிக்கோங்க."

"அஞ்சரைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்மா."

"சாயங்காலம் அஞ்சரைக்கா?"

"காலைல. இன்னைக்கே வேணும் எனக்கு."

"ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிடுவாங்கக்கா."

வெளியே அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடந்த தன் என்ஜினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அதைத் தனியாக ஏற்ற முடியாது. அவள் இப்போது கிளம்பினால் பஸ் பிடித்து ஆறு மணிக்குக் கடைக்குப் போகலாம். இவனுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனால் ஏழு ஆகும், ஆகாமலும் போகும். அவன் கேட்கவில்லை. கேட்கிற மூஞ்சியும் இல்லை.

"ஆறே முக்காலுக்கு வந்துடுவேன். சாவியைக் கையில வச்சுட்டு வாசல்ல நில்லு" என்று போனில் சொல்லிவிட்டு, கீழே கிடந்த பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள்.

"சங்கிலியை இழு. சும்மா உக்காந்திருந்தா அது தானா ஏறுமா?"